சைக்கிள் விலை ஏன் கூடுகிறது?

வணக்கம்.

அடுத்த மாதத்திலிருந்து எங்கள் சைக்கிள் ஒன்றுக்கு 60 வெள்ளி கூடுகிறது. போன வாரம் ஓர் அண்ணன் சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் இருக்கும் எங்கள் பட்டறைக்கே வந்து, "குழாய், சக்கரம், பிரேக் எல்லாத்தையும் கூட்டினாலும் பாதி விலைகூட வரலையே, மிச்சம் எங்கே போகுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தொழில் தொடங்கும்போது நாங்களும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தோம்.

அதில் விட்டுப்போன பெரிய செலவு, உடைப்பதற்கென்றே செய்த பிரேம்கள். ஐஎஸ்ஓ 4210 பாதுகாப்புத் தரச் சோதனையில் பிரேமை இயந்திரத்தில் மாட்டி, பெடல் மிதிப்பதுபோல 100,000 முறை அழுத்துவார்கள். எங்கள் முதல் பிரேம் தாங்கவில்லை. பின்சக்கரத்துக்குப் போகும் குழாயின் வெல்டிங் ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு கீறல், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, நகத்தை வைத்து இழுத்தால்தான் தட்டுப்படும். சின்னக் கீறல்தானே என்று விட முடியுமா? ஈஸ்ட் கோஸ்ட்டில் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுகிறீர்கள். தடிமனான குழாய்க்கு மாறினோம், வெல்டிங் செய்யும்போது குழாய்களை அசையாமல் பிடிக்கும் ஜிக்கை அதற்கேற்பத் திருத்தினோம், வெட்டி வைத்திருந்த 40 பிரேமுக்கான குழாய்களை ஒதுக்கிவிட்டு மறுபடியும் சோதனைக் கட்டணம் கட்டினோம். அதையெல்லாம் இதுவரை கையிலிருந்தே போட்டோம், இனி முடியவில்லை.

அப்புறம் இறக்குமதி. தைவானிலிருந்து வரும் பாகங்களுக்கு, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த மதிப்பில் 9% ஜிஎஸ்டி. 20,000 வெள்ளிச் சரக்கென்றால் 1,800 வெள்ளி, ஒரு சைக்கிள்கூட விற்பதற்கு முன்பே. ஜிஎஸ்டிக்குப் பதியாத எங்களைப் போன்ற சின்ன நிறுவனத்துக்கு அது திரும்பியும் வராது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் 10 கேட்டால் குறைந்தது 100 எடு என்பார்கள், எடுத்ததை வைக்க இடம் வேண்டும். இந்த ஊர் வாடகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று, பின்கியர் மாட்டும் சின்ன அலுமினியத் துண்டு. சைக்கிள் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான், மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், எங்களுடையது வேறு கடையில் கிடைக்காது. அதனால் விற்ற ஒவ்வொரு சைக்கிளுக்கும் இரண்டு எடுத்து வைத்திருக்கிறோம், அதில் பணம் முடங்கித்தான் கிடக்கிறது. நிறுத்திவிட்டால் விலையைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் ஐந்து வருடம் கழித்து நீங்கள் வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

கீறல் விழுந்த அந்த பிரேம் பட்டறைச் சுவரில் தொங்குகிறது, வந்தால் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான்.