யார் யாருக்குப் பதில் எழுதினார் என்பதைக் காட்டுங்கள்: மின்னஞ்சல் செயலி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்னஞ்சல் செயலிகளை வடிவமைப்பவர்களுக்கும் அவற்றுக்கு நிரல் எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை விஷயமாக ஒரு மடல் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. 11 பேர், 60க்கும் மேல் மடல்கள். நடுவில் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது: கோப்புகளைப் பழைய வடிவத்திலேயே வைப்பதா மாற்றுவதா என்று ஒரு பக்கம், ஒப்படைக்கும் தேதியைத் தள்ளிப்போடலாமா என்று இன்னொரு பக்கம். முடிவு சொல்ல வேண்டியவர் ஒரே ஒரு வரி எழுதினார்: "சரி, அப்படியே செய்துவிடுங்கள்." என் திரையில் அந்த வரிக்கு நேர் மேலே இருந்தது, கோப்பு வடிவத்தை மாற்றிவிடலாம் என்ற மடல். அதற்குத்தான் சரி சொல்கிறார் என்று நினைத்து, இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாக் கோப்பையும் மாற்றினேன். அவர் சரி சொன்னது தேதிக்கு. அந்த மடல் நாலு மடல் மேலே கிடந்தது.

அவர் மேல் தப்பு இல்லை. சரியான மடலைத் திறந்து, அதற்குத்தான் பதில் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அப்புறம் மடலின் மூல வடிவத்தை, அதாவது செயலி வழக்கமாக மறைத்து வைக்கும் தலைப்பு வரிகளோடு உள்ள வடிவத்தை, திறந்து பார்த்தேன். 'இன்-ரிப்ளை-டூ' என்ற வரியில், தேதி கேட்ட மடலின் அடையாளம் எழுத்துப் பிசகாமல் இருந்தது. செயலிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் காட்டவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றும் இல்லை என்பதால்தான் இவ்வளவு ஆதங்கம். ஒவ்வொரு மடலுக்கும் 'மெசேஜ்-ஐடி' என்று ஓர் அடையாளம், பதில் எழுதினால் எந்த மடலுக்குப் பதிலோ அதன் அடையாளம் 'இன்-ரிப்ளை-டூ' வரியில், அதற்கும் முந்தையவை 'ரெஃபரன்சஸ்' வரியில், பாட்டன் தகப்பன் என்று வம்சாவளி எழுதுவது போல. இந்த வரிகள் 1982இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற இணையத் தர ஆவணத்திலேயே இருக்கின்றன. அவற்றை எப்படி நிரப்ப வேண்டும் என்பதை 2001இல் வந்த ஆர்எஃப்சி 2822 தெளிவாகவே சொல்லிவிட்டது. இவற்றை வைத்து, எது எதற்குப் பதில் என்று கிளை கிளையாகக் காட்டும் மரத்தைக் கட்டும் முறையை, பழைய நெட்ஸ்கேப் உலாவியின் மடல் நிரலில் வேலை பார்த்த ஜேமி ஜவின்ஸ்கி விளக்கமாக எழுதிப் பொதுவில் வைத்தார். நடுவில் ஒரு மடல் கிடைக்காமல் போனால் அந்த இடத்தில் வெற்றுக் கூடு ஒன்றை வைத்து மரத்தைக் காப்பாற்றுவது வரை அதில் இருக்கிறது. 2008இல் ஆர்எஃப்சி 5256 வந்தபோது, மரத்தைக் கட்டி அனுப்பும் வேலையை, மடல்களை வைத்திருந்து செயலிக்குக் கொடுக்கும் ஐமேப் சர்வரே செய்யவும் வழி பிறந்தது.

ஜிமெயில் 2004இல் வந்தபோது செய்த நல்லதை நான் மறுக்கவில்லை. அதற்கு முன் இன்பாக்ஸில் ஒரு பேச்சின் பதில்கள் ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடக்கும், ஒன்றைத் தேடினால் ஒன்று கிடைக்காது. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொடுத்ததும் பலருக்கு மூச்சு விட முடிந்தது. ஆனால் கட்டுக்குள்ளே இருப்பது வந்த நேரப்படி ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிய வரிசை மட்டும்தான். கிளை இல்லை. 2010இல் அந்தக் கட்டைப் பிரித்து வைக்கும் வசதியும் வந்தது, அதை எடுத்துக்கொண்டாலோ மறுபடி பழைய சிதறல். மொத்தமாகக் கட்டு, இல்லையென்றால் மொத்தமாகப் பிரி. நடுவில் இருக்க வேண்டிய மரம் எங்கே?

நாலு பேர் பேசி ஆறு மடலில் முடிகிற விஷயத்துக்கு வரிசையே போதும், அதில் எனக்குச் சண்டை இல்லை. பேச்சு நீளும்போதுதான் சிக்கல். ஒருவர் காலையில் வந்த மடலுக்கு ராத்திரி பதில் எழுதுவார், அதற்குள் வேறு ஒன்பது மடல்கள் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். "ஆமாம்", "வேண்டாம்", "இரண்டாவதே நல்லது" என்று வரும் ஒருவரிப் பதில்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. எதற்கு ஆமாம்? எதில் இரண்டாவது? பதிலுக்குள்ளே மூன்று புள்ளிக்குப் பின்னால் மேற்கோள் ஒளிந்திருக்கலாம், அதைத் திறந்தால் கீழே பழைய பதினைந்து மடலும் வால் போலத் தொங்கும்.

மரமாகக் காட்டினால் உள்தள்ளித் தள்ளி வலது ஓரத்தில் போய் முட்டும், கைபேசித் திரையில் இடமே இல்லை என்பீர்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் உள்தள்ளுவது ஒன்றுதான் வழியா? ஐபிஎம் ஆய்வகத்தில் பெர்னார்ட் கெர் என்பவர் 2003இலேயே இதற்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். மடல்கள் வந்த வரிசையில் ஒரே கோட்டில் புள்ளிகளாக இருக்கும், எது எதற்குப் பதிலோ அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு வில் வளைந்து போகும். நேர வரிசையும் கெடவில்லை, உறவும் தெரிகிறது, இடமும் சின்னப் பட்டை அளவுதான். அதைப் போலவே ஒன்று தண்டர்பேர்டு என்ற மடல் செயலிக்கு நீட்சியாகவும் வந்தது. படமே வேண்டாம் என்றாலும் சரி, ஒவ்வொரு மடலின் தலையிலும் "இன்னார் இத்தனை மணிக்கு எழுதிய மடலுக்குப் பதில்" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி போடுங்கள், தொட்டால் அந்த மடலுக்குப் போகட்டும். எவ்வளவு சின்னக் கைபேசியிலும் இந்த ஒரு வரிக்கு இடம் இருக்கும்.

போவதோடு திரும்பி வரவும் வழி வேண்டும். நீண்ட தொடரைத் திறந்தால் படித்தவை எல்லாம் மடிந்து, நடுவில் ஓர் எண் மட்டும் நிற்கிறது. ஏதோ ஒன்றைப் பார்க்க மேலே போய்விட்டுக் கீழே வந்தால், எங்கே விட்டோம் என்று தெரியாமல் தடவ வேண்டியிருக்கிறது. முனையத்தில் ஓடும் மட் என்ற நிரல் 1995இல் பிறந்தது, வெறும் எழுத்துத் திரைதான். அதில் கிளைகள் கோடாக வரையப்பட்டிருக்கும், பதிலில் இருந்து தாய் மடலுக்குத் தாவ ஒரே ஒரு விசை, அடுத்த தொடருக்குப் போக இன்னொரு விசை. தலைப்பு மாறாதவரை அதைத் திரும்பத் திரும்பக் காட்டாது, யாராவது தலைப்பை மாற்றினால்தான் காட்டும். பேச்சு எங்கே திசை திரும்பியது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் அதில் உண்டு. பழைய மடல் ஒன்றை எடுத்து, பெறுநர் பட்டியலுக்காக மட்டும் அதற்குப் பதில் அழுத்தி, சம்பந்தமே இல்லாத புது விஷயத்தைத் தொடங்குபவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். அந்தத் தொடரை அந்த இடத்தில் வெட்டிவிடலாம். அறுந்து தனியாகக் கிடக்கும் பதிலைக் கொண்டுபோய் அதன் தாயோடு ஒட்டவும் செய்யலாம். இந்தக் கத்தரியும் பசையும் ஏன் எங்கள் எல்லார் கையிலும் இல்லை?

அதுபோல ஒரு கிளையை மட்டும் அடக்கி வைக்க வேண்டும். தேதிப் பேச்சு எனக்குத் தேவை, கோப்புப் பேச்சு தேவையில்லை என்றால், பெரும்பாலான செயலிகளில் முழுத் தொடரையும் ஊமையாக்குவது ஒன்றே வழி. தண்டர்பேர்டில் ஒரு கிளையை மட்டும் விலக்கிவிட முடிகிறது, ஆகவே முடியாத காரியம் இல்லை.

தலைப்பைப் பார்த்து மடல்களைச் சேர்க்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். "கூட்டம்" என்று மாதாமாதம் வரும் தனித்தனி மடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, தலைப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால் ஒரே பேச்சு இரண்டாக அறுந்துபோகிறது. பதில் மடலின் தலைப்பில் செயலி ஒட்டும் 'ரீ' என்ற முன்னொட்டு ஜெர்மனில் வேறு, ஸ்வீடிஷில் வேறு. நாளைக்கு ஒரு செயலி 'பதில்:' என்று தமிழில் போட்டால் அதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அடையாள வரி இருக்கும்போது ஊகம் எதற்கு? பதில் அனுப்பும்போது அந்த வரிகளை ஒழுங்காக நிரப்பாத நிரல்களும் இருக்கின்றன, ஒரு நிரல் விட்டுவிட்டால் அந்தத் தொடரில் இருக்கிற எல்லாருக்கும் மரம் உடைகிறது. அப்புறம், ஜிமெயிலில் 100 மடலைத் தாண்டினால் பேச்சு புதுக் கட்டாகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், பழைய கட்டுக்குப் போக ஓர் இணைப்பாவது புதுக் கட்டின் தலையில் வையுங்கள்.

நான் சொன்ன அந்தத் தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் ஒவ்வொரு பதிலின் தொடக்கத்திலும் "செவ்வாய் காலை 11:40க்கு நீங்கள் தேதி பற்றிக் கேட்டதற்கு" என்று கையால் எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறேன். மற்றவர்களில் மூன்று பேர் அதைப் பார்த்து அப்படியே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த வரியை எழுதும் வேலையை எங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தினமும் உங்கள் செயலிகளில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்