விடுப்பில் வரும் மாப்பிள்ளையும் திருமணப் பதிவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடியில் கல்யாணம் வைக்க நம் ஊரில் ஆள் இல்லை. படையில் விடுப்போ ஆடி, மார்கழி பார்த்துக் கிடைப்பதில்லை. வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் இந்த இழுபறி ஆண்டுதோறும் நடக்கிறது. ஆவணியில் நாள் குறித்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகையும் அச்சடித்த பிறகு பையனின் விடுப்பு தள்ளிப்போகும். இல்லையென்றால் வந்தவனைப் பாதியிலேயே யூனிட் கூப்பிட்டுக்கொள்ளும். 2025 மே மாதம் எல்லைப் பதற்றத்தின்போது விடுப்பில் வந்திருந்தவர்கள் மூட்டை கட்டியதை எல்லோரும் பார்த்தோம். மண்டபத்தையும் சமையல்காரரையும் மாற்றிக்கொள்ளப் பெரியவர்களுக்குத் தெரியும். திருமணப் பதிவில்தான் தப்பு நடக்கிறது, அதன் வலி பத்து இருபது வருஷம் கழித்துத் தெரிகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வெளிநாட்டில் கல்யாணத்துக்கு முன்னால் லைசென்ஸ் வாங்குவார்கள். இந்து முறைக் கல்யாணத்துக்கு நம் ஊரில் முன்அனுமதி எதுவும் கிடையாது. கல்யாணம் முடிந்த பிறகு பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 எந்த மதத் திருமணத்துக்கும் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கல்யாண நாளிலிருந்து 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. ஆக மொத்தம் 150 நாள். உள்ளூர்க்காரருக்கு இது தாராளம். ஜவானுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், சாதாரண விடுப்பு 30 நாள், அதையும் பிரித்துப் பிரித்துத்தான் தருவார்கள். விடுப்பின் 25ஆம் நாள் தாலி கட்டிவிட்டு 28ஆம் நாள் காட்பாடியில் ரயிலேறுகிறவர் அடுத்து வர ஆறு மாதம்கூட ஆகலாம். அதற்குள் 150 நாள் ஓடிவிடும். ஆகவே முகூர்த்தத்தை விடுப்பின் முதல் பாதியில் வையுங்கள், அதே விடுப்பில் பதிவையும் முடியுங்கள். ஜோசியரிடம் நாள் கேட்கும்போதே இந்தக் கணக்கைச் சொல்லிவிடலாம்.

இனி, மிகுதியாக நடக்கும் தப்பு. பத்திரிகையில் ஆவணி முகூர்த்தம் போட்டிருக்கும். பையனால் வர முடியவில்லை. ஐப்பசியில் வந்து, குலதெய்வக் கோயிலில் நாலு பேர் முன்னிலையில் தாலி கட்டுகிறார்கள். பதிவுக்குப் போகும்போது கையில் இருப்பது பழைய பத்திரிகைதான். அதில் என்ன தேதியோ அதையே விண்ணப்பத்திலும் எழுதிவிட்டால் வேலை சுலபம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். எழுதியும் விடுகிறார்கள். விளைவு என்ன? சான்றிதழ்படி கல்யாணம் நடந்த அன்று மாப்பிள்ளை லடாக்கில் டூட்டியில் இருந்ததாக யூனிட் பதிவேடு சொல்லும். விடுப்புக் கணக்கையும் சான்றிதழையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கிளார்க்குக்கு இது ஒரு நிமிட வேலை. நல்லபடியாக நடந்த கல்யாணம் காகிதத்தில் பொய்யாகிவிடுகிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட மாமாவும் பொய்ச் சாட்சியாகிறார்.

இதற்கு மாற்று எளிது. தாலி கட்டிய தேதி எதுவோ அதைத்தான் எழுத வேண்டும். கோயிலில் நடந்தால் அன்றே கோயில் ரசீது வாங்குங்கள், மண்டபமானால் மண்டப ரசீது. பத்திரிகை கேட்பார்கள் என்பதால் புதுத் தேதி போட்டு ஒற்றைத் தாளில் 25 பிரதி அச்சடித்துக்கொண்டால் போதும். சாதாரண அச்சகத்தில் ஒரு நாள் வேலை. மாலையோடு மணமக்கள் நிற்கும் படமும் வேண்டும். பழைய பத்திரிகையைப் பேனாவால் திருத்தி எடுத்துப் போகாதீர்கள்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. ‘குவார்ட்டர்ஸ் கேட்கச் சான்றிதழ் வேண்டும், இந்த லீவில் பதிவை மட்டும் போட்டுவிடலாம், தாலியை அடுத்த தை மாதம் கட்டலாம்’ என்று சிலர் கிளம்புகிறார்கள். சடங்கே நடக்காத இந்துத் திருமணத்துக்கு வாங்கிய சான்றிதழ் அதைத் திருமணம் ஆக்கிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, படைக் குடும்பங்கள் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு, 1967இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம். சுயமரியாதைத் திருமணத்துக்காக வந்தது. உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகப் புரியும் மொழியில் சொன்னாலும் போதும், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். புரோகிதர் கட்டாயமில்லை. பெரிய கூட்டமும் தேவையில்லை. வீட்டுக் கூடத்திலேயே நடத்தலாம். ஐந்து நாள் விடுப்பில் வந்தவருக்கும் இது ஆகும். இப்படி முறையாக மணம் முடித்து, அந்தத் தேதியில் பதிந்துவிட்டு, ஊர் கூட்டி விருந்து வைப்பதை அடுத்த விடுப்புக்குத் தள்ளிக்கொள்ளலாம். ‘ரெண்டு தடவை தாலியா’ என்று பாட்டி முணுமுணுப்பார். அப்படியானால் முதலில் மாலை மட்டும் மாற்றுங்கள், சட்டத்துக்கு அது போதும்.

வேற்று மதத்தவரை மணப்பவர்களும், அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானத்தளம் போன்ற இடங்களில் இருக்கும் வெளிமாநிலத்தவரில் பலரும் சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன் கீழ் மணம் செய்கிறார்கள். அங்கேதான் முன்னறிவிப்பு உண்டு, நாள் கணக்கும் கடுமையானது. இருவரில் ஒருவர், அறிவிப்பு கொடுப்பதற்கு முந்தைய 30 நாளும் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். நேற்று வந்திறங்கிய ஜவான் தன் முகவரியை நம்பி விண்ணப்பித்தால் இங்கேயே மாட்டிக்கொள்வார். பெண் இங்கே இருக்கிறவரானால் அவருடைய முகவரியை வைத்து அறிவிப்பு கொடுங்கள். மற்றவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் அறிவிப்பின் நகல் அங்குள்ள திருமண அலுவலருக்கும் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள்.

ஆட்சேபணைக்கான 30 நாள், மனு கொடுத்த அன்று தொடங்காது. அறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டிய நாளிலிருந்துதான் ஓடும். ஜூலை 28இல் கொடுத்து, ஆகஸ்ட் 1இல் ஒட்டினால் செப்டம்பர் 1 முதல்தான் மணம் முடிக்கலாம். அறிவிப்பு மூன்று மாதத்தில் காலாவதியாகும் கணக்கு மட்டும் கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. அக்டோபர் 27க்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 30 நாள் விடுப்பில் அறிவிப்பு, மணம் இரண்டையும் முடிக்க முடியாது. ஒன்று, 60 நாளை மொத்தமாக வாங்க வேண்டும். இல்லையென்றால் முதலில் பத்து நாள் வந்து அறிவிப்பு கொடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் விழும்படி அடுத்த விடுப்பைக் கேட்க வேண்டும். யூனிட்டில் விடுப்பு கேட்கும்போது அறிவிப்பின் நகலை இணைத்தால் கம்பெனி கமாண்டருக்கும் தேதியின் அவசரம் புரியும். மணநாளன்று சாட்சிகள் மூவர் வேண்டும். இருவரோடு போய் வாசலில் மூன்றாமவரைத் தேடுவது இன்றும் நடக்கிறது.

பெயர் விஷயத்துக்கு வருவோம். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான் பெயரின் பாதி. பள்ளிச் சான்றிதழில் ‘கே.முருகன்’, ஆதாரில் ‘முருகன் கண்ணியப்பன்’, படைப் பதிவில் ‘முருகன் கே’. பெண்ணின் பெயர் லட்சுமி என்றால் ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எக்ஸ் வைத்திருக்கும், இன்னொன்றில் கே, எஸ், எச் என்று நீளும். மாப்பிள்ளை பெயரைச் சேவைப் பதிவில் இருப்பதுபோலவும், பெண்ணின் பெயரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுபோலவும் எழுதுங்கள். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் ஆதாரைத் திருத்திவிட்டுப் பதிவுக்குப் போங்கள். கல்யாணமான கையோடு பெண்ணின் இனிஷியலைக் கணவர் பெயருக்கு மாற்றுகிற ஆர்வத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். படைப் பதிவில் மனைவி பெயர் ஏறிய பிறகு மாற்றிக்கொள்ளலாம், அல்லது மாற்றாமலே இருக்கலாம்.

அடையாளச் சான்றாகப் படை அடையாள அட்டையின் நகலைக் கொடுக்கக் கூடாது. பாதுகாப்புக் காரணங்களுக்காக அதை நகலெடுக்கத் தடை உண்டு. படைவாக்காளராக (படையில் இருப்போருக்கான தனிப் பட்டியலில்) பதிந்தவரிடம் வாக்காளர் அட்டையும் இருக்காது. எனவே ஆதார், பாஸ்போர்ட், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் பிரதியை விடுப்பில் வரும்போதே பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ‘யூனிட்ல இருக்கு’ என்றால் இங்கே யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பதிவுத்துறை இணையதளத்தில் மனுப் போடும்போது ஊரில் இருப்பவரின் கைபேசி எண்ணைக் கொடுங்கள். சிக்னல் இல்லாத போஸ்ட்டில் இருப்பவருக்கு ஓடிபி போய்ச் சேராது.

எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. முன்பு மணம் நடந்த இடத்துக்குரிய அலுவலகத்தில்தான் பதிய முடியும். 2020 திருத்தத்துக்குப் பிறகு மணமகன் அல்லது மணமகள் குடியிருக்கும் எல்லையிலும் பதியலாம். ஆனால் 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் பலரின் ஆதாரில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறது. மாவட்டப் பெயரைப் பார்த்துக் கிளம்பாமல், இணையதளத்தில் கிராமத்தின் பெயரைப் போட்டு அலுவலகத்தைத் தேடுங்கள்.

இன்னொன்று, நல்ல நாள் பார்த்துப் பதிவுக்குப் போகாதீர்கள். முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகம் நிலப் பத்திரக்காரர்களால் நிரம்பி வழியும், துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கும் அளவுக்கு. அஷ்டமி, நவமி, செவ்வாய்க்கிழமைகளில் ஈ ஓட்டுவார்கள். தாலி நல்ல நேரத்தில் ஏறிவிட்டது, கையெழுத்துக்கு எதற்கு நேரம்?

தேவாலயத் திருமணமானால் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும். அதற்கு மாப்பிள்ளை ஊரில் இருக்க வேண்டியதில்லை, அவருடைய சபையிலிருந்து வர வேண்டிய கடிதத்தைப் பெற்றோர் முன்கூட்டியே வாங்கி வைத்தால் விடுப்பில் மூன்று வாரம் மிச்சம். நிக்காஹ் நடந்தவர்கள் ஜமாத் பதிவேட்டின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். ஆலயச் சான்றோ ஜமாத் சான்றோ கையில் இருந்தாலும் 2009 சட்டப்படி அரசுப் பதிவு தனியாக வேண்டும்.

‘அவர் வர முடியவில்லை, வீடியோவில் கையெழுத்துப் போடலாமா’ என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருந்த மணமகனுக்கு, சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ், காணொலி வழியாக மணம் முடிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் அனுமதித்தது உண்மை. ஆனால் அது ரிட் மனுப் போட்டு வாங்கிய உத்தரவு. சார்பதிவாளர் மேசையில் கேட்டுக் கிடைப்பதல்ல.

பதிந்த சான்றிதழை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மாப்பிள்ளை அதை யூனிட்டில் கொடுத்து, கல்யாணத்தைப் படைப் பதிவில் ஏற்றும் ஆணையான பார்ட் டூ ஆர்டர் வெளியாக வேண்டும். கூட்டுப் புகைப்படம், மனைவியின் ஆதார், சான்றிதழ் நகல் எல்லாம் சேர்ந்து, சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வரை போக வேண்டும். அதில் மனைவி பெயர், பிறந்த தேதி, கல்யாணத் தேதி எப்படி ஏறுகிறதோ அதுதான் பின்னாளில் பென்ஷன் ஆணைக்கும் மருத்துவ அட்டைக்கும் கேன்டீன் அட்டைக்கும் வேர். ஆர்டர் வந்ததும் ஒரு நகலை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக மனைவியே சரிபார்க்கட்டும். அன்றைக்குக் கண்ட பிழையை யூனிட்டே திருத்தும். கணவர் காலமான பிறகு கண்டால் பிரமாணப் பத்திரம், பத்திரிகை விளம்பரம் என்று அந்த அம்மாள் வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

நான்கு ஆண்டுப் பணித் திட்டத்தில் படையில் சேரும் அக்னிவீர் வீட்டாருக்குத் தனியாக ஒன்று. விமானப்படையில் அக்னிவீராகச் சேருகிறவர் நான்கு ஆண்டும் மணம் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் சேருகிறார். மீறினால் வேலை போகும். ‘பதிவு மட்டும் போட்டு வைப்போம், யாருக்குத் தெரியும்’ என்று பெண் வீட்டார் நெருக்கினாலும் கேட்காதீர்கள்.

பதிவுத்துறைக்கு ஒரு வேண்டுகோள். விடுப்புச் சான்றைக் காட்டும் படைவீரருக்கு அன்றோ மறுநாளோ பதிய இடம் ஒதுக்கும்படி ஒரு சுற்றறிக்கை போதும். கூடவே, சிறப்புத் திருமண அறிவிப்பு எந்தத் தேதியில் ஒட்டப்பட்டது என்பதை மனுதாரருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப ஏற்பாடு செய்யலாம். ரயில் டிக்கெட் எடுக்கிறவருக்கு அந்த ஒரு தேதிதான் தேவை.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்கள் சிலர்,
கணியம்பாடி, வேலூர் மாவட்டம்.