பி.பார்ம் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனை மருந்தகங்களில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் நான் 'கம்பவுண்டர்'தான். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. சென்ற ஆண்டு என் பேத்தி பி.பார்ம் என்னும் நான்கு ஆண்டு மருந்தாளுநர் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்து, முதல் சுற்றுக் கலந்தாய்வில் இடம் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் நின்றாள். விஷயம் தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் அதே நிலையில் இருந்த பிள்ளைகளின் பெற்றோரும் என் வீட்டுத் திண்ணைக்கு வரத் தொடங்கினார்கள். அந்த இரண்டு மாதங்களில் நான் பட்டறிந்தவை, இந்த ஆண்டு காத்திருக்கும் குடும்பங்களுக்கு உதவலாம் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பட்டியல் எப்படி நகர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பி.பார்முக்கு நீட் தேர்வு கிடையாது. பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். ஆனால் அந்தத் தரவரிசையில் மேலே நிற்கும் பிள்ளைகளில் பலர் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., கால்நடை மருத்துவம், வேளாண்மை, நர்சிங் என்று நான்கைந்து இடங்களில் விண்ணப்பித்துவிட்டு எது முதலில் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். மருத்துவக் கலந்தாய்வின் ஒவ்வொரு சுற்றும் முடியும்போது அவர்களில் சிலர் பி.பார்ம் இடத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள், கீழே இருப்பவர்கள் மேலே வருகிறார்கள். ஆகவே முதல் சுற்று முடிந்த மறுநாளே மனம் தளர்ந்து, கையில் கிடைத்த ஏதோ ஒரு படிப்பில் பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டியதில்லை. மருத்துவக் கலந்தாய்வின் நாள்காட்டியைப் பி.பார்ம் நாள்காட்டியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பட்டியல் எந்த வாரத்தில் நகரக்கூடும் என்பது ஓரளவு பிடிபடும்.

அடுத்தது, எந்த எண்ணைப் பார்ப்பது என்பது. என் பேத்தியின் பொதுத் தரவரிசை எண்ணைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் இழவு வீடு போல உட்கார்ந்திருந்தோம். அவளுடைய இனப் பிரிவுக்குள் அவள் எத்தனையாவது என்று பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே மூன்று நாட்கள் ஆயின. தமிழ்நாட்டில் பொதுப் பிரிவுக்கு 31 சதவீதம் போக, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் இனத்தவருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 உட்பட 18, பழங்குடியினருக்கு 1 என்று இடங்கள் பிரிக்கப்படுகின்றன. முதல் சுற்றில் தன் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் எண்ணுக்கும் தன் எண்ணுக்கும் நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் உண்மையான தூரம். என் பேத்தி பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டு அந்தத் தூரத்தை எழுதினாள். நடுவில் இருந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். அன்று இரவுதான் அவள் சரியாகச் சாப்பிட்டாள்.

மதிப்பெண் குறைந்ததால் மட்டும்தான் இடம் நழுவுகிறது என்று நினைப்பது தவறு. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். விண்ணப்பத்தைப் பிரவுசிங் சென்டரில் பூர்த்தி செய்தபோது, வீட்டில் யாருடைய செல்போன் எண்ணும் உடனே நினைவுக்கு வரவில்லை என்று கடைக்காரர் தன்னுடைய எண்ணையே போட்டுவிட்டார். ஓ.டி.பி. வாங்க வசதியாக இருந்தது என்று பையனும் பேசாமல் இருந்துவிட்டான். அடுத்த சுற்றுக்கான குறுஞ்செய்தி அந்தக் கடைக்காரரின் போனுக்குப் போனது. நாளுக்கு நூறு ஓ.டி.பி. வரும் போனில் அதை யார் பார்ப்பது? விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்யும் நாட்கள் முடிந்த பிறகுதான் அவனுக்கு விவரமே தெரிந்தது. அவனைவிடக் குறைந்த கட்-ஆஃப் எடுத்த ஒரு பெண் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்த அன்றே விண்ணப்பத்தில் உள்ள செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. குறுஞ்செய்தியை மட்டும் நம்பாமல், மாணவர் சேர்க்கையை நடத்தும் தேர்வுக் குழுவின் இணையதளத்தைக் காலையிலும் மாலையிலும் பார்த்துவருவதும் அவசியம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றில் தந்தையின் பெயர் எழுத்துக்கு எழுத்து மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அழைப்பு வருவதற்கு முன்பே இ-சேவை மையத்துக்குப் போய்விட வேண்டும். அழைப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை.

பிளஸ் 2 விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கும் வழியையும் பலர் விட்டுவிடுகிறார்கள். நகல் கேட்கவும், அதன் பிறகு மறுகூட்டல் அல்லது மறுமதிப்பீடு கேட்கவும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் குறிப்பிட்ட நாட்களைத்தான் தருகிறது. ஒரே கட்-ஆஃபில் பல பேர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் கூட்டல் பிழையால் போன இரண்டு மதிப்பெண் திரும்பக் கிடைத்தால் வரிசையில் கணிசமாக முன்னேறலாம். மதிப்பெண் மாறினால் அந்த விவரம் தேர்வுக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதையும் மாணவர்தான் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை நிரப்புவதில் எங்கள் வீட்டிலும் தவறு நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி, மதுரை மருத்துவக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களில் உள்ள பி.பார்ம் இடங்கள் மிகக் குறைவு. கட்டணமும் குறைவு என்பதால் அவற்றுக்குப் போட்டி கடுமை. முதல் சுற்றில் என் மகன், "பெண் பிள்ளை, தூரமாக அனுப்ப வேண்டாம்" என்று பக்கத்து மாவட்டங்களில் உள்ள நான்கே கல்லூரிகளைப் போட்டுவிட்டான். அந்த நான்கும் அவளுக்கு முன்னால் இருந்தவர்களோடு நிரம்பிவிட்டன. இரண்டாம் சுற்றில் விடுதி வசதி உள்ள கல்லூரிகளாகத் தேடி இருபதுக்கு மேல் போட்டோம். உண்மையில் விரும்பும் கல்லூரி மேலே இருந்தால் போதும். கீழே எத்தனை சேர்த்தாலும் மேலே உள்ளதற்குக் குந்தகம் வராது. ஆனால் கிடைத்தாலும் போக மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியைச் சேர்க்கக் கூடாது.

சிபாரிசுக் கடிதம் வாங்கித் தருகிறேன், காத்திருப்போர் பட்டியலில் எண்ணை முன்னால் கொண்டுவருகிறேன் என்று சொல்லி வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் மகன், அங்கே மருந்தியல் கல்லூரிக் காத்திருப்புப் பட்டியலில் உள்ள மாணவர் தனது ஆர்வத்தை விளக்கிக் கல்லூரிக்குக் கடிதம் எழுதலாம், மருந்துக் கடையில் வேலை பார்த்த அனுபவத்தையும் புதிய மதிப்பெண்களையும் தெரிவிக்கலாம், அவை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படலாம் என்று சொன்னான். இங்கே நிலைமை வேறு. அரசு ஒதுக்கீட்டில், அதாவது கலந்தாய்வு மூலம் நிரப்பும் இடங்களில், மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் தவிர வேறு எதற்கும் இடமில்லை. மருந்துக் கடையில் ஓராண்டு நின்று வேலை பழகுவது நல்ல காரியம்தான், ஆனால் அதனால் தரவரிசையில் ஒரு படிகூட ஏற முடியாது. எண்ணை நகர்த்தித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறவர், பட்டியல் தானாக நகர்ந்தால் பணத்தை வைத்துக்கொள்வார். நகராவிட்டால் ஊரை விட்டுப் போய்விடுவார்.

காத்திருக்கும் காலத்தில் தனியார் கல்லூரி ஒன்றில், கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் ஓர் இடத்தைப் பிடித்துவைப்பது பலர் செய்வதுதான், அதில் தவறில்லை. ஆனால் இரண்டு விஷயங்களில் ஏமாறக் கூடாது. ஒன்று, அங்கீகாரம். 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, இந்திய பார்மசி கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்தவர்தான் மாநில கவுன்சிலில் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியும். மருந்தியல் கல்விக்கு அந்தக் கவுன்சிலின் அதிகாரமே மேலோங்கியது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. புதிய கல்லூரிகள் தொடங்குவதற்குக் கவுன்சில் விதித்திருந்த தடை 2022-இல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அதன் பிறகு நாடெங்கும் புதிய கல்லூரிகள் பல வந்துவிட்டன. பெயர்ப் பலகையையும் பேருந்தையும் பார்த்து முடிவு செய்யாமல், கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயர், அந்தப் படிப்பு, இந்தக் கல்வியாண்டு ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

இன்னொன்று, அசல் சான்றிதழ்கள். என்னிடம் வந்த தந்தை ஒருவர், மகளை ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்து டி.சி. உட்பட எல்லா அசல்களையும் கொடுத்துவிட்டார். அரசு ஒதுக்கீட்டில் அழைப்பு வந்ததும் திருப்பிக் கேட்டபோது, நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் தர முடியும் என்றார்களாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதற்கு நேர் எதிரானது. அசல்களைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அது சொல்கிறது. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்கள் அல்லது அதற்கு முன்பே விலகினால், நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 5,000 ரூபாய் போகக் கட்டணம் முழுவதையும், அதன் பிறகு கடைசி நாளுக்குள் விலகினால் 90 சதவீதத்தையும், கடைசி நாள் கழிந்து 15 நாட்களுக்குள் என்றால் 80 சதவீதத்தையும், 30 நாட்களுக்குள் என்றால் 50 சதவீதத்தையும் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் உள்ளது. அந்த அறிவிக்கையை அச்செடுத்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் மையால் கோடு போட்டு அவரிடம் கொடுத்தனுப்பினேன். முதல் நாள் முதல்வர் ஊரில் இல்லை என்றார்கள், மறுநாள் கணக்காளர் விடுப்பு என்றார்கள், மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்குச் சான்றிதழ்கள் அவர் கைக்கு வந்தன. அதற்கு மறுநாள்தான் அந்தப் பெண் சேருவதற்குக் கடைசி நாள்.

பட்டியல் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் நின்றேவிட்டால் என்ன செய்வது? ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு மீண்டும் விண்ணப்பிப்பதில் பயனில்லை என்பது என் கருத்து. நீட் எழுதுகிறவர்களுக்கு மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள வழி இருக்கிறது. இங்கே அடுத்த ஆண்டும் கையில் இருக்கப்போவது அதே பிளஸ் 2 மதிப்பெண்தான். அதைவிட டி.பார்ம் என்னும் மருந்தாளுநர் பட்டயப் படிப்பு நல்ல வழி. நானும் அந்த வழியில் வந்தவன்தான் என்பதால் கொஞ்சம் பக்கச்சார்போடு சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுப் படிப்பு, அதன் பிறகு 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. முடித்தவர், அப்போது நடைமுறையில் உள்ள விதிகளின்படி மருந்தாளுநராகப் பதிவு செய்து வேலைக்குப் போகலாம். மேலே படிக்க விரும்பினால், இடைநிலைச் சேர்க்கை மூலம் பி.பார்மில் நேரடியாக இரண்டாம் ஆண்டில், அதாவது மூன்றாம் செமஸ்டரில் சேரலாம். நான்கு ஆண்டில் முடிய வேண்டியது ஐந்து ஆண்டாகும். ஆனால் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கும். இடைநிலைச் சேர்க்கைக்கான விண்ணப்பம் தனியாக அறிவிக்கப்படுவதால், டி.பார்ம் இறுதி ஆண்டில் இருப்பவர்கள் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். டி.பார்ம் முடித்தவர்கள் பதிவு செய்வதற்கு முன் எழுத வேண்டிய வெளியேறு தேர்வு ஒன்றை வகுத்து 2022-இல் விதிமுறைகள் வெளியாகியுள்ளன. சேரும்போதே அதைப் பற்றிக் கல்லூரியில் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

பி.பார்ம் கிடைக்கவில்லை என்பதற்காக ஃபார்ம்.டி. எனப்படும் 'டாக்டர் ஆஃப் பார்மசி' படிப்பில் சேர்த்துவிடுகிறவர்கள், அது மருத்துவமனை சார்ந்த ஆறு ஆண்டுப் படிப்பு என்பதை அறிந்து சேர்க்க வேண்டும். ஐந்து ஆண்டு வகுப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் உண்டு. ஆர்வமுள்ள பிள்ளைக்கு அருமையான படிப்பு. பெயரில் உள்ள 'டாக்டர்' என்ற சொல்லுக்காக மட்டும் என்றால் ஆறு ஆண்டுக் கட்டணம் மிகப் பெரிய விலை.

என் பேத்திக்கு மதுரை கிடைக்கவில்லை. பட்டியலில் பதினேழாவதாகப் போட்டிருந்த ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம், சேர்க்கை முடிவதற்கு ஆறு நாட்களுக்கு முன்பு கிடைத்தது. அந்த நாற்பத்திரண்டு பேரில் எத்தனை பேர் வேறு படிப்புக்குப் போனார்கள், எத்தனை பேர் விவரம் தெரியாமல் வராமலே இருந்துவிட்டார்கள் என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு.

மாணவர் சேர்க்கையை நடத்துகிறவர்களிடம் தங்கள் நாளிதழ் மூலம் ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் கட்-ஆஃப் எவ்வளவு, இன்னும் எத்தனை இடங்கள் காலியாக உள்ளன, சென்ற ஆண்டு இதே சுற்றில் பட்டியல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்ற விவரங்களைத் தமிழில் ஒரே பக்கத்தில் வெளியிட்டு, அந்தப் பக்கத்தை மேல்நிலைப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகைகளில் ஒட்டச் செய்தால் உதவியாக இருக்கும். தேர்வு முடிந்த பிறகும் டி.சி. வாங்கவும் மதிப்பெண் பட்டியல் வாங்கவும் பிள்ளைகள் பள்ளிக்குத்தான் வருகிறார்கள். இணையதளத்தைப் பார்க்கத் தெரியாத பெற்றோரும் அந்தப் பலகையைப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்