ஓட்டுச்சீட்டுக்கு வழி சொன்ன சாப்மன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ரகசிய வாக்கெடுப்பு பத்தின கட்டுரை படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அரசாங்கமே சீட்டு அச்சடிச்சுக் குடுத்து மறைவுல ஓட்டு போட வைக்கிற முறைய 1872ல இங்கிலாந்துதான் ஆரம்பிச்சதுன்னு எழுதியிருக்கீங்க, அது தப்பு. 16 வருஷம் முன்னாடியே, 1856 மார்ச்சுல, ஆஸ்திரேலியாவோட விக்டோரியா காலனியில சட்டமே ஆயிடுச்சு. அடுத்த மாசம் தெற்கு ஆஸ்திரேலியாவுலயும் வந்துச்சு. அமெரிக்காவுல இதுக்குப் பேரே 'ஆஸ்திரேலியன் பேலட்'தான். விக்டோரியா சட்டத்துல அந்த முறைய எழுதிக் குடுத்தவர் ஹென்றி சாமுவேல் சாப்மன். கட்டுரையில அவர் பேர் ஒரு இடத்துலகூட இல்லைங்கறதுதான் எனக்கு வருத்தம்.

ரகசியமா ஓட்டு வேணும்னு கேட்டவங்க அதுக்கு முன்னாடியே நிறைய பேர் இருந்தாங்க. விக்டோரியாவோட தலைநகர் மெல்போர்ன்ல, சட்டசபை உறுப்பினர் வில்லியம் நிக்கல்சன் 1855 டிசம்பர்ல ரகசிய ஓட்டு வேணும்னு தீர்மானம் கொண்டு வந்து ஜெயிச்சுப்புட்டார், அப்ப ஆட்சியில இருந்த ஹெயின்ஸ் அரசாங்கம் ராஜினாமா பண்ணிருச்சு, நிக்கல்சனால மந்திரிசபை அமைக்க முடியல, திரும்ப ஹெயின்ஸே வந்தார். சரி, ரகசியமா போடணும்னா எப்படிப் போடுறது? அதுக்கு வழி சொன்னவர்தான் சாப்மன். அதிகாரி கையில சீட்ட வாங்கிட்டு, மறைவா உள்ள போயி, வேண்டாத பேரையெல்லாம் அடிச்சுட்டு, மடிச்சுக் கொண்டாந்து பெட்டியில போடணும். அவ்வளவுதான். அதுவரைக்கும் முதலாளியும் கடன் குடுத்தவனும் பாத்துட்டு நிக்கையில யாருக்கு ஓட்டுன்னு வெளிப்படையா சொல்ல வேண்டியிருந்துச்சு.

நான் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார், சீட்டு முறை இருந்த காலத்துல நிறைய தடவ தேர்தல் டியூட்டி பாத்திருக்கேன். ஒரு தடவ வயசான அம்மா ஒருத்தங்க முத்திரைக் கட்டைய கையில வச்சுக்கிட்டு அட்டை மறைப்புக்குள்ள போகாம என்கிட்ட குனிஞ்சு, "நா யாருக்குப் போட்டேன்னு பண்ணக்காரருக்குத் தெரிஞ்சுருமா சார்?"னு கேட்டாங்க. தெரியாதும்மா, தைரியமா போங்கன்னேன். சீட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு எங்ககிட்ட வச்சுக்கற அடிக்கட்டையில அவங்க வாக்காளர் எண்ண எழுதி ரேகையும் வாங்கியிருந்ததுனால பயந்துட்டாங்க. சாப்மன் முறையிலயும் சீட்டுக்குப் பின்னால வாக்காளர் எண் போட்டாங்க, கள்ள ஓட்டுன்னு வழக்கு வந்தா கண்டுபிடிக்கறதுக்காக. முழு ரகசியம் இல்லதான், ஆனா ஓட்டு போடுறப்ப பக்கத்துல நின்னு பாக்கறவன் எவனும் இல்ல.

இவர் சும்மா சட்டம் எழுதற வக்கீல் மட்டும் இல்லைங்க. 1803ல லண்டன்ல பொறந்து, கனடா போயி 1833ல மாண்ட்ரியல்ல தினசரி பத்திரிகை நடத்தி, அப்புறம் வக்கீலாகி, 1843ல நியூசிலாந்துக்கு நீதிபதியா போனார். அங்க 1847ல சைமண்ட்ஸ் வழக்குன்னு ஒண்ணு. அந்த மண்ணோட பூர்வகுடிகளான மாவோரி மக்களோட நில உரிமைய மதிச்சே ஆகணும், சமாதான காலத்துல அவங்க மனசார சம்மதிக்காம அத எடுக்க முடியாதுன்னு தீர்ப்புல எழுதினார். 1877ல வேற நீதிபதி வந்து அதுக்கு நேர்மாறா தீர்ப்பு சொன்னதெல்லாம் தனிக்கதை, ஆனா 1992ல ஆஸ்திரேலியாவுல பூர்வகுடிகளோட நில உரிமை பத்தி நடந்த மாபோ வழக்குலகூட சாப்மன் தீர்ப்பத்தான் எடுத்துக் காட்டினாங்க. 1852ல ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கற டாஸ்மேனியா தீவுல பெரிய பதவி குடுத்தாங்க, இங்கிலாந்துல இருந்து கைதிகளக் கப்பல்ல கொண்டாந்து இறக்கற விஷயத்துல கவர்னர் பக்கம் நிக்க மாட்டேன்னுட்டார், அந்தப் பதவியும் போச்சு. அதுக்கப்புறம்தான் மெல்போர்ன் வந்தார். விக்டோரியாவுல அரசாங்கத்த எதிர்த்து நடந்த யுரேகா கலகத்துல புடிபட்ட தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக 1855ல கோர்ட்டுல நின்னார், விசாரிச்ச 13 பேரும் விடுதலை.

கடைசியில 1864ல திரும்ப நியூசிலாந்துக்கே, டனிடின் நகரத்துக்கு நீதிபதியா போனார். 1866 ஜனவரியில 'லண்டன்'ங்கற கப்பல் பிஸ்கே வளைகுடாவுல முழுகுச்சு, பொழச்சது 19 பேர்தான். அதுல இவர் மனைவி, ரெண்டு மகன், ஒரு மகள் எல்லாரும் போயிட்டாங்க. அப்படியும் 1875 வரைக்கும் நீதிபதியா உக்காந்திருந்தார். 1881ல இறந்தார். இன்னொரு மகன் ஃபிரெடரிக் 1903ல அதே நாட்டுல உச்ச நீதிமன்ற நீதிபதியானார், நியூசிலாந்துல பொறந்தவங்கள்ல அவர்தான் முதல் ஆள்.

அடுத்த இதழ்ல திருத்தம் போடுங்க சார், வருஷத்த மாத்தினா மட்டும் பத்தாது, சாப்மன் பேரையும் சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்