மேல் வீட்டு அக்காவுக்கும் மத்த எல்லாருக்கும்

எடை ரொம்பக் கம்மியாப் பொறந்த எங்க பாப்பாவ நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியிலேந்து டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. பாப்பாவும் அவ அம்மாவும் இப்ப தூங்கறாங்க, அதான் இத டைப் பண்ண நேரம் கெடச்சுது. என்ன நடந்துச்சுனு உங்க எல்லாருக்கும் தெரியும், உங்கள்ல பாதிப் பேரு நடுராத்திரி போன எடுத்து நான் அழுததக் கேட்டவங்கதான், அதனால அதெல்லாம் மறுபடி எழுதல. எழுதற தெம்பும் இல்ல.

ரத்தம் குடுக்க ஓடி வந்த கம்பெனி பசங்க, கேக்காமயே அட்வான்ஸ் போட்டு விட்ட முதலாளி, ரெண்டு வேளையும் சாப்பாடு கட்டிக் குடுத்த அத்தை, ஆட்டோக் காசு வாங்க மாட்டேன்னு என்கிட்டயே சண்ட போட்ட அண்ணன், வார்டு சிஸ்டருங்க, தாய்ப்பால் வங்கிக்குப் பால் குடுத்த, பேரே தெரியாத அந்தத் தாய்ங்க... எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டுக்கறேங்க. தனித்தனியா எழுதுனா விடிஞ்சிரும்.

ஆனா ஒருத்தரப் பத்தி மட்டும் எழுதியே ஆகணும். எங்க காம்பவுண்ட்ல மேல் வீட்டு அக்கா. பேரு போடாதன்னு சொல்லிட்டாங்க. தேனிப் பக்கம் சொந்த ஊரு, திருப்பூர் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, எக்ஸ்போர்ட் கம்பெனியில ஓவர்லாக் டைலர், அதாவது துணி ஓரம் பிரியாம நூல் சுத்தித் தைக்கற மெஷின்ல வேல. உள்ளதச் சொல்லணும்னா அதுவரைக்கும் அவங்களுக்கும் எங்களுக்கும் தண்ணி மோட்டார் போடற விஷயத்துல சண்ட போட்ட பழக்கம் மட்டும்தான்.

பாப்பா கொஞ்சம் தேறுனதும் கங்காரு கேர் ஆரம்பிக்கலாம், துணி கொண்டு வாங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. கொழந்தைய அம்மாவோ அப்பாவோ வெறும் நெஞ்சுல ஒட்ட வச்சுக்கிட்டே உக்காந்திருக்கணும், நம்ம ஒடம்புச் சூடுதான் அதுக்குச் சூடு. 1978ல கொலம்பியாவுல போகோட்டாங்கற ஊர்ல இன்குபேட்டர், அதான் கொழந்தையச் சூடா வச்சிருக்கற பெட்டி, பத்தாமப் போயி ஒரு டாக்டர் ஆரம்பிச்ச முறையாம். அதுக்குத் தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ், நாப்கின், முன்பக்கம் முழுசாத் தொறக்கற சட்டை வேணும். நானும் கடை கடையா ஏறி எறங்குனேன். நியூபார்ன்னு போட்டு விக்கறதெல்லாம் மூணு கிலோ கொழந்தைக்குத் தைச்சது, எங்க பாப்பா அப்ப ஒன்றரைக் கிலோ கூட இல்ல. உலகத்துக்கே பனியன் தைக்கற ஊர்ல என் பொண்ணுக்கு ஒரு சட்டை இல்லயேன்னு மாடிப்படியில உக்காந்து போன்ல பொலம்பிட்டு இருந்தேன்.

ஒன்றரை ஷிப்ட் முடிச்சு அப்பத்தான் படியேறி வந்த அக்கா காதுல விழுந்திருக்கு. ஐயோ பாவம்னோ எப்படி இருக்கா பாப்பான்னோ ஒண்ணும் கேக்கல. "தல சுத்தளவு எவ்வளவு தம்பி?" அவ்வளவுதான். சிஸ்டருக்குப் போன் போட்டேன், சார்ட்டப் பாத்து தலை 28 சென்டி, நீளம் 40 சென்டின்னாங்க. அக்கா உள்ளங்கையில பேனாவால எழுதிக்கிட்டு மேல போயிட்டாங்க.

பத்து மணிக்குக் கூப்பிட்டு அனுப்புனாங்க. நியூஸ்பேப்பர்ல அளவு வெட்டி வச்சிருந்தாங்க, அந்தப் பேப்பர் சட்டையப் பாத்துத்தான் என் பொண்ணு எவ்ளோ சின்னவன்னு எனக்கே ஒறச்சது. மூட்டையில சேத்து வச்சிருந்த கட்டிங் வேஸ்ட்லேந்து வெள்ள இன்டர்லாக் துணிய, ரெண்டு பக்கமும் வழவழன்னு இருக்கற பனியன் துணி அது, எடுத்து அலசிக் காயப் போட்டிருந்தாங்க. பனியன் துணி சுருங்கும், சுருங்கறதெல்லாம் சுருங்கிட்டு வரட்டும், அப்பறம் வெட்டுவோம்னாங்க. மறுநாள் நான் போனப்ப துணிய நாலா மடிச்சு, கையும் ஒடம்பும் ஒரே துண்டா வர்ற மாதிரி வெட்டுனாங்க, அதனால தோள்ல தையலே கெடையாது. கைக்கு அடியில விலாப் பக்கமா ஓடற தையல் மட்டும்தான், அதயும் வெளிப்பக்கமா வச்சுத் தைச்சாங்க, உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டா எப்படி இருக்கும், அப்படி. ஏன்க்கான்னேன். "ஓவர்லாக் நூலு நமக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, அந்தத் தோலுக்கு அறுக்கும்" அப்படின்னாங்க.

பட்டன் இல்ல, ஊக்கு இல்ல. சைடுல கட்டற மாதிரி அதே துணியில நாடா, அதுவும் கழுத்தச் சுத்தி வர முடியாத அளவுக்குக் குட்டையா. மானிட்டர் ஒயரு வெளிய வர விலாவுல கொஞ்சம் எடம் விட்டிருந்தாங்க, அது நான் சொல்லவே இல்ல, அவங்களாவே யோசிச்சது. குல்லா, நல்லா இழுத்தா விரியற ரிப் துணியில, அந்த இழுவை தலையச் சுத்தி வர்ற மாதிரி வச்சு ஒரு குழா தைச்சு மேல சுருக்கிக் கட்டுனதுதான். இதுக்கு நடுவுல எங்க மாமியாரு பச்சப்புள்ளைக்கு மொதல்ல பழந்துணிதான் போடணும்னு புடிவாதம், அக்கா எதிர்த்து ஒரு வார்த்த பேசல, தாத்தாவோட நாலு முழ வேட்டிய வாங்கி நாப்கினாக் கிழிச்சு ஓரம் மடிச்சுக் குடுத்துட்டாங்க. பழைய வேட்டிக்கு மேல மெத்துனு எந்தத் துணி இருக்குன்னு வேற சொன்னாங்க, மாமியாருக்கு மொகம் மலந்து போச்சு.

எல்லாம் முடிஞ்சதும் பழைய ஸ்பீக்கர்லேந்து கழட்டுன ஒரு காந்தத்த எடுத்து ஒவ்வொரு சட்டை மேலயும் மெதுவா ஓட்டுனாங்க. எனக்கு அது என்னன்னு தெரியும். எக்ஸ்போர்ட்ல ஊசி ஒடஞ்சா எல்லாத் துண்டும் கெடைக்கற வரைக்கும் அந்த மெஷின்ல வேல நிக்கும், துண்டுகளச் சேத்து நோட்டுல ஒட்டணும், பெட்டி கட்டறதுக்கு முன்ன மெட்டல் டிடெக்டர்ல விடணும், வெளிநாட்டுக் கொழந்தைக்கு அவ்ளோ பாதுகாப்பு. அக்கா மாடி வீட்டுல உக்காந்து அதே பாதுகாப்ப என் பொண்ணுக்குப் பண்ணிட்டு இருந்தாங்க. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன்.

காசு குடுத்தேன், வாங்கல. "கணக்கு இல்லாம எவன் புள்ளைக்கோ தைச்சிருக்கேன் தம்பி, நான் தைச்சத ஒரு புள்ள போட்டு ஒரு நாளும் கண்ணால பாத்ததில்ல. ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து காட்டு, அது போதும்."

சிஸ்டர்கிட்டக் கெஞ்சி எடுத்தேன். என் நெஞ்சுல பாப்பா, வெள்ளச் சட்டை, குல்லா கண்ணு வரைக்கும் எறங்கி. அக்கா போன வாங்கிப் பெருசு பண்ணிப் பாத்தாங்க, பாப்பா மொகத்த இல்ல, மொதல்ல கைக்கு அடியில தையல் எப்படி ஒக்காந்திருக்குன்னுதான் பாத்தாங்க! கொஞ்சம் லூஸு, அடுத்ததுல அர சென்டி புடிக்கணும்னாங்க. அதுக்கப்பறந்தான் மொகத்தப் பாத்தாங்க, பாத்துட்டே இருந்தாங்க. மறுநாள் அவங்க லைன்ல இருக்கற எல்லாருக்கும் அந்தப் போட்டோ போயிருச்சாம்.

நான் ஷிப்பிங் செக்ஷன்ல இருக்கறவன். கொழந்தைத் துணி பெட்டி பெட்டியா என் கையெழுத்துலதான் துறைமுகத்துக்குப் போகுது. எனக்கு அது பீஸ், கார்ட்டன், டெலிவரி தேதி. இப்பல்லாம் பெட்டியில டேப் ஒட்டறப்ப இதுக்குள்ள எந்த அக்கா தைச்சது இருக்கோ, எந்த ஊர்ல எவன் நெஞ்சு மேல போகப் போகுதோன்னு ஓடுது மனசுல. சூப்பர்வைசர் கேட்டா சிரிப்பாரு.

சரி, விஷயத்துக்கு வரேன். அந்த வார்டுல எங்களுக்குப் பக்கத்துப் பெட்ல இருந்த கொழந்தைக்கும் அளவான சட்டை இல்ல, அதுக்கும் அக்காதான் தைச்சுக் குடுத்தாங்க. இனி ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நான் வெட்டித் தர்றதுன்னும் அக்கா தைக்கறதுன்னும் பேசி வச்சிருக்கோம், நாலா மடிச்சு வெட்ட எனக்கும் கை பழகிருச்சு. தொவச்சு இஸ்திரி போட்டுக் கவர்ல வச்சுக் குடுத்தா வாங்கிக்கறோம்னு வார்டு சிஸ்டர் சொல்லிட்டாங்க.

பாப்பாவப் பாக்க வரேன்னு நெறயப் பேரு கேக்கறீங்க. கொஞ்ச நாளைக்குக் கூட்டம் வேணாம்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாங்க, கோவிச்சுக்காதீங்க. கைநிறைய எதாவது வாங்கிட்டு வரணும்னு நெனச்சவங்க வெள்ள இன்டர்லாக் கட்பீஸ், ரிப் துணி இருந்தா கேட்டு வாங்கி வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போங்க. சாயம் போறது வேணாம், பிரிண்ட் வேணாம், லேசு வச்சது வேணவே வேணாம், அக்கா திட்டுவாங்க.