இந்த ஆடிக்கு நாற்று ஏன் ஒரு வாரம் தாமதம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆனி பிறந்ததிலிருந்து தினம் நாலு பேராவது போன் போட்டு, "கத்தரி நாத்து வந்துருச்சா?" என்று கேட்கிறீர்கள். வந்துவிட்டது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்த முறை உடனே கொடுக்கப் போவதில்லை. தக்காளியை 25 நாளிலும், கத்தரியை 30 நாளிலும், மிளகாயை 40 நாளிலும் கொடுத்துவந்தோம். இனி ஒவ்வொன்றையும் ஒரு வாரம் கூடுதலாக வைத்திருந்துதான் கொடுப்போம். அதுவும் முன்போலத் தளதளவென்று இருக்காது. குட்டையாக, இலை தடித்து, கரும்பச்சையாக, தண்டில் லேசாக ஊதா ஓடியிருக்கும். "வளராத நாத்தைத் தலையில கட்டுறீங்களே" என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நாங்களே காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

போன ஆடியில் தேவகோட்டைப் பக்கத்து ஆச்சி ஒருவர் எங்களிடம் கத்தரி நாற்று வாங்கிப்போனார். நாலாம் நாள் செடியோடு திரும்பி வந்தார். இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, ஓரம் கருகல். "நோய் புடிச்ச நாத்தைக் குடுத்துட்டியேப்பா" என்றார். பார்த்தால் நோய் இல்லை, வெயில் சுட்ட காயம். அதை வாதம் செய்து என்ன பயன்? வேறொரு குழித்தட்டு நாற்று கொடுத்து அனுப்பினோம். அதில் பாதியை அன்றைக்கே நட்டார். மீதியை நட ஆள் வரவில்லை என்று கிணற்றடி முருங்கை நிழலில் அப்படியே விட்டுவிட்டார். பத்து நாள் கழித்து நட்ட அந்த மீதிப் பாதி அத்தனையும் பிழைத்தது. முதலில் நட்ட பாதியில் ஏறக்குறைய ஒன்றும் தேறவில்லை. ஒரே விதை, ஒரே தட்டு, ஒரே தோட்டம், தண்ணீர் ஊற்றியதும் ஒரே ஆள்.

தப்பு எங்களுடையது. பச்சை நிழல்வலைக்குக் கீழே, நேரம் தவறாமல் தண்ணீர் தெளித்து வளர்த்த நாற்றை அப்படியே கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். நிழலில் விரிந்த இலை மெல்லியது. மேலே மெழுகுப் படலம் சரியாக ஏறியிருக்காது. திடீரென்று வெட்டவெளிக்கு வந்தால் அந்த இலை இழக்கிற தண்ணீரை, இன்னும் மண்ணைப் பிடிக்காத வேரால் ஈடுகட்ட முடியாது. எவ்வளவு ஊற்றினாலும் வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம், வேர் அழுகும். வெயில், காற்று, கொஞ்சம் தாகம் மூன்றையும் சிறுகச் சிறுகக் காட்டினால் அதே நாற்று இலையைத் தடிப்பாக்கிக்கொள்ளும், உயர்வதை நிறுத்திவிட்டு வேரைப் பலப்படுத்தும். அதற்குத்தான் இந்த ஒரு வாரம். விலை பழைய விலைதான்.

எங்களிடம் விதை மட்டும் வாங்கி வீட்டிலேயே நாற்று விடுகிறவர்களும் நிறையப் பேர். மயிலும் கோழியும் ஆடும் கிளறாத இடம் என்றால் நம் ஊர் வீடுகளில் முற்றம்தான். நல்ல இடம். ஆனால் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுத் தாழ்வாரத்தில் தூண் ஓரமாகத் தட்டை வைத்துவிட்டு, "வெளிச்சம்தான் நல்லா இருக்கே" என்கிறீர்கள். அந்த வெளிச்சம் நாம் பேப்பர் படிக்கப் போதும், நாற்றுக்குப் போதாது. முளைத்த மூன்றாம் நாளே வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். கையை நீட்டிப் பாருங்கள். தரையில் கையின் நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் அது நாற்றுக்கான இடம். விதை முளைக்கும்வரை வெளிச்சம் வேண்டியதில்லை, தட்டை மூடிக்கூட வைக்கலாம். முதல் முளை தலைகாட்டிய அன்றைக்கே மூடியை எடுத்துவிட வேண்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் நீண்டிருக்கும்.

காலை வெயில் முற்றத்தின் மேற்கு ஓரத்தில்தான் முதலில் இறங்கும். ஆனி, ஆடியில் உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்பதால் தென்மேற்கு மூலைக்கு வெயில் கூடுதலாகக் கிடைக்கும். தட்டை அங்கே வையுங்கள். ஓட்டு விளிம்புக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம். ஒரு கோடை மழை அடித்தால் கூரைத் தண்ணீர் மொத்தமும் அந்தக் கோட்டில்தான் கொட்டும், விதை வளவு முழுக்க மிதக்கும். எங்கள் வீட்டிலேயே நடந்தது. அண்டா வைத்து அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டால் நாற்றுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. போர்த் தண்ணீர் குடத்தில் வெள்ளையாகப் படிகிற வீடுகளுக்கு இது முக்கியம்.

தட்டில் நிரப்பத் தென்னை நார்க்கழிவு வாங்குகிறவர்கள், கழுவி உப்பு எடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள். தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் போட்டால் இரண்டு தண்ணீரில் ஓடு மாதிரி இறுகிவிடும். ஒரு குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். தக்காளி ஒரு வாரத்தில் முளைத்துவிடும். கத்தரிக்கு ஓரிரண்டு நாள் கூட ஆகும். மிளகாய் பொறுமையைச் சோதிக்கும், 10 நாள் வரை கிளறிப் பார்க்காதீர்கள். தண்ணீர் காலையில் தெளியுங்கள். ராத்திரி முழுக்க ஈரத்தில் நின்றால் நாற்று கழுத்தில் கறுத்து, ஒடிந்தாற்போல விழும். நாற்றழுகல் என்பது அதுதான். விழுந்ததைக் காப்பாற்ற வழியில்லை. பக்கத்துக் குழிகளுக்குப் பரவாமல் தண்ணீரைக் குறைத்து, காற்று படும்படி வைக்கலாம். விதைக்குமுன், அழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி பொடியை (கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு) விதையில் புரட்டிக்கொள்வது நல்லது. வீட்டுக்கு வாங்குகிற அளவு விதைக்கு ஒரு சிட்டிகை தாராளம்.

முளைக்கும்போதே வருகிற விதையிலைகளுக்கு அடுத்து இரண்டு உண்மை இலை விட்ட பிறகு, தினமும் ஒருமுறை நாற்றின் தலையை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிவிடுங்கள், குழந்தைக்குத் தலை கோதுவதுபோல. கேட்டால் சிரிப்பீர்கள். காற்றில் அசைந்து பழகிய செடியின் தண்டு தடிக்கும், நெட்டையாகாது. முற்றத்துக்குள் காற்று இல்லாததால் அந்த வேலையைக் கை செய்கிறது. அம்மியையே தூக்குகிற ஆடிக்காற்றில் கொண்டுபோய் நடப்போகிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

வெளியே பழக்குவது இப்படி. முதல் நாள் காலை வெயில் 1 மணி நேரம், மறுநாள் 2 மணி நேரம், பிறகு உள்ளே. ஐந்தாம் நாள் 11 மணி வரை நிற்கலாம். ஏழாம் நாள் முழு வெயில், ராத்திரியும் வெளியே. இந்த நாட்களில் தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள், இலை லேசாகத் தொங்கத் தொடங்கும்போது கொடுத்தால் போதும். மொட்டைமாடித் தளத்தில் நேராகத் தட்டை வைக்காதீர்கள். அடியிலிருந்து வருகிற சூட்டில் வேர் வெந்துவிடும், இரண்டு செங்கல் கொடுத்து உயர்த்துங்கள். அதற்காகப் பதினைந்து நாள் பழக்கவும் வேண்டாம். குழிக்குள் வேர் சுருண்டுவிட்டால் பிறகு மண்ணுக்குள் இறங்கப் பார்க்காது.

நடவு சாயங்காலம் 4 மணிக்கு மேல். முதல் நாளே குழி எடுத்து, மக்கிய தொழுவுரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து, நன்றாக நனைத்து வைத்துவிடுங்கள். நம் பக்கத்துச் சரளைச் செம்மண்ணில் காய்ந்த குழியில் நட்டு மேலே தண்ணீர் ஊற்றினால், நனைவது மேல் இரண்டு விரற்கடைதான். கத்தரிக்குச் செடிக்குச் செடி 2 அடி, தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஒன்றரை அடி. தக்காளியை முதல் இலை வரை ஆழமாகப் புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். நெட்டையாகிப்போன தக்காளி நாற்றைக்கூட இப்படிக் காப்பாற்றலாம். கத்தரி, மிளகாய்க்கு அந்த ஆழம் வேண்டாம்.

ஒன்றைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நட்டபின் நார்க்கழிவுக் கட்டி வெளியே தெரியக் கூடாது. மேலே ஒரு விரற்கடை மண் மூட வேண்டும். தெரிந்தால் அது விளக்குத்திரி மாதிரி அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுத்துவிடும். சுற்றி மண் ஈரமாக இருக்கும், செடி மட்டும் வாடி நிற்கும். நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். முதல் மூன்று நாள் மதியத்துக்கு ஒரு பனையோலையோ தென்னங்கீற்றோ மேற்குப் பக்கமாகச் சாய்த்துக் குத்திவைத்தால் நல்லது.

சென்னையிலிருந்து கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆசையாக நட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலை பல்லவன் ரயிலில் ஏறிவிடுகிறீர்கள். அந்த உயிர்த்தண்ணீரை ஊற்ற வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாற்று வாங்குங்கள். இல்லையென்றால் வெண்டையும் கொத்தவரையும் விதையாக வாங்கிப் போகலாம். அவற்றை நேரே மண்ணில்தான் ஊன்ற வேண்டும், நாற்றே கிடையாது. முள்ளங்கியும் கீரையும் அப்படியே. வருஷாவருஷம் முள்ளங்கி நாற்று கேட்டு வருகிற ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

தக்காளித் தட்டுகள் ஆடி முதல் வாரத்திலிருந்தும், கத்தரியும் மிளகாயும் அடுத்தடுத்த வாரங்களிலும் கிடைக்கும். கோசமல்லி சமைக்க என்று கத்தரி கேட்டவர்களுக்கு எடுத்துவைத்திருக்கிறோம். வரும்போது, போன வருஷம் கொண்டுபோன குழித்தட்டுகள் பின்கட்டில் எங்காவது கிடந்தால் கழுவி எடுத்துவாருங்கள். 98 குழியும் உடையாமல் இருந்தால் பில்லில் கழித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நாற்றுக் கடையினர்,
காரைக்குடி