சாயங்காலமானால் எரியும் வாய்

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கரை விட்டுவிட்டு நடக்கிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. பேத்தி உன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டீச்சர் விளையாட்டு விளையாடுகிறாளாமே! நம் டிரெயினிங் ஸ்கூல் வார்டன் கதையை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே, ராத்திரி தூங்கமாட்டாள்.

பதில் போடத் தாமதமானதற்கு வேலை காரணமில்லை. கோபம். கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாயே, ‘எல்லாம் மனசுதான், ரிட்டயர் ஆகிச் சும்மா இருக்கிறாய், தியானம் பண்ணு, வாய் சரியாகிவிடும்’ என்று. வீட்டில் சொன்னார்கள், பொறுத்துக்கொண்டேன். நீயும் சொல்லலாமா ஏட்டி? சரி, கோபம் ஆறிவிட்டது. முழுக் கதையையும் எழுதுகிறேன், படி.

ஆறாத காப்பியை அவசரத்தில் குடித்தால் நாக்கு வெந்துபோகும், மறுநாள் சரியாகிவிடும் இல்லையா? எனக்கு இரண்டு வருஷமாக அந்த மறுநாள் வரவில்லை. நாக்கு நுனி, மேலண்ணம், கீழ் உதட்டின் உள்பக்கம், மூன்று இடத்திலும் எரிச்சல். கூடவே களிம்பேறிய செம்பில் தண்ணீர் குடித்த மாதிரி ஒரு ருசி. காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது. பத்து மணிக்கு மேல் மெல்லத் தொடங்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாய்க்குள் தணலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், காரமில்லாமல் எதையாவது சாப்பிடும்போது எரிச்சல் அடங்கிவிடும். சாப்பிட்டுக் கை கழுவியதும் திரும்ப வந்துவிடும். இதை வீட்டில் யாரிடம் சொல்ல முடியும்? இவர் ஒருநாள் கேட்டே விட்டார், “திங்கிற வாய்க்கு வலி இல்லை, பேசுற வாய்க்குத்தான் வலியோ?” மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து சாப்பிடும்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடப் பழகினேன். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

கைவைத்தியம் ஒன்று பாக்கியில்லை. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மாசிக்காய் உரைத்துத் தடவல், கொய்யாக் கொழுந்து மெல்லல் எல்லாம் ஆயிற்று. வாய்ப்புண்ணுக்கு அவை கேட்கலாம். எனக்குப் புண்ணே இல்லையே! இங்கே ஒரு பல் டாக்டர், கடைவாய்ப் பல்தான் காரணம் என்று ஒன்றைப் பிடுங்கினார். பல் போனால் சொல் போகும் என்பார்கள். எனக்குப் பல் போயிற்று, எரிச்சல் போகவில்லை. இன்னொன்றையும் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அன்றோடு அங்கே போவதை நிறுத்தினேன்.

ராத்திரி எல்லோரும் தூங்கியபின் செல்போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் நாக்கைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் நன்றாக வெளியே நீட்டிப் பார்த்தேன். நாக்கின் பின்கோடியில், தொண்டைக்குப் பக்கத்தில், வரிசையாகக் குமிழ் குமிழாக என்னவோ இருந்தது. எண்ணினேன், ஒன்பது. புற்றுநோய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பீரோவில் நகை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

அப்புறம் பெரியவன்தான் சென்னைக்குக் கூப்பிட்டான். நெல்லை எக்ஸ்பிரஸில் போய் இறங்கி, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். ஓ.பி. காலையில். எனக்கோ காலையில் எரிச்சலே கிடையாது! சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தபோது, பரீட்சைக்குப் படித்ததெல்லாம் மறந்துபோன பிள்ளை மாதிரி இருந்தது. என்னைச் சுற்றிலும் தாடை வீங்கியவர்கள், பாக்குப் போட்டுப் போட்டு வாய் இறுகி இரண்டு விரல்கூட நுழைய முடியாதவர்கள். என்னிடம் காட்ட என்ன இருந்தது?

வாய் நோய்களுக்கென்றே தனிப் பிரிவு அங்கே உண்டு. பார்த்த டாக்டரம்மாவுக்கு நம் மகள் வயதுதான் இருக்கும். வாயைப் பார்த்தார், தொட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை என்றார். எழுந்திருக்கப் போனேன். “அம்மா, சாப்பிடும்போது எரிச்சல் குறையுமா?” என்று கேட்டார்.

நான் மறைத்து வைத்திருந்ததை அவராகவே கேட்டதும் அழுதுவிட்டேன். சாப்பிட்டால் குறைவதும், காலையில் இல்லாமல் சாயங்காலம் ஏறுவதும் இந்த நோயின் அடையாளங்களாம். எதை வைத்து வீட்டில் நம்பவில்லையோ, அதை வைத்துத்தான் அவர் நம்பினார். பர்னிங் மவுத் சிண்ட்ரோம் என்று பெயர். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் எரிச்சல் இருந்து, பார்வைக்கும் சோதனைக்கும் வேறு காரணம் எதுவும் அகப்படாவிட்டால்தான் அப்படிச் சொல்வார்களாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறதாம். நாக்கின் மேல்தோலில் இருக்கும் நுண்ணிய நரம்பிழைகள் இந்த நோயாளிகளுக்குக் குறைந்திருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நரம்பு சம்பந்தப்பட்டது, கண்ணுக்கு எப்படித் தெரியும்?

அந்த ஒன்பது குமிழைக் கேட்டேன். சிரித்துவிட்டார். எல்லோர் நாக்கிலும் எட்டு முதல் பன்னிரண்டு வரை உண்டாம், ருசி அறிவதற்கு. உனக்கும் இருக்கும், எண்ணிப் பார்.

பெயர் வைத்ததோடு விடவில்லை, வேறு காரணம் ஏதும் இருக்கிறதா என்றும் தேடினார்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து, பி12, சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். பி12 குறைவு. ஊசி போட்டதில் கால் மரமரப்பு போயிற்று, வாய் அப்படியே இருந்தது. நான் போடுகிற பிரஷர் மாத்திரை வகையாலும் சிலருக்கு வாய் எரியுமாம். மாற்றிக் கொடுத்ததில் ரொம்ப நாள் வறட்டு இருமல்தான் நின்றது. நுரை பொங்கும் பேஸ்டை நிறுத்தச் சொன்னார்கள். கடைசியில் ஒரு மாத்திரை. அதை விழுங்கக் கூடாது. நாக்கில் கரையவிட்டு, ஊறுகிற எச்சிலை மூன்று நிமிஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்து துப்பவேண்டும். இவர்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் பதில் பேச முடியாத அந்த மூன்று நிமிஷத்தில் என்னைப் பற்றிய குறைகளை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “ஆச்சு, துப்பு” என்பார். தூக்க மாத்திரை இனம், பழக்கமாகிவிடும் ஆபத்து உண்டு. உன் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாய் எரிகிறது என்றாயே, அவளிடம் மாத்திரைக் கதையைச் சொல்லாதே. டாக்டரிடம் அனுப்பு.

பத்தில் எட்டாக இருந்த எரிச்சல் இப்போது நாலு, சில நாள் ஐந்து. முழுதாகப் போகும் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. தேங்காய்ப்பால் சொதி எனக்குத் தினப்படிச் சாப்பாடாகிவிட்டது, இஞ்சித் துவையலைத் தள்ளி வைத்துவிட்டு. பள்ளி வாசலில் மிளகாய்ப்பொடி தூவி விற்பார்களே மாங்காய்க் கீற்று, அதைத்தான் நினைத்து நினைத்து ஏங்குகிறேன்.

மனசு என்று நீ சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். தூங்காத ராத்திரிக்கு மறுநாள் எரிச்சல் கூடத்தான் செய்கிறது. தியானம்கூடப் பண்ணுகிறேன், நீ சொன்னதற்காக இல்லை.

காலையில் எழுத உட்கார்ந்தது, நடுவில் விருந்தாட்கள் வந்து இப்போது மணி ஐந்தரை. நாக்கு நுனியில் எரிச்சல் ஏறத் தொடங்கிவிட்டது. ஐஸ் கட்டி எடுக்கப் போகிறேன். மே மாதம் நீ வருவதாக எழுதியது நிஜம்தானா? தேதியைச் சொல், பெரியவனிடம் சொல்லி டிக்கெட் போடச் சொல்கிறேன்.

உன்
பாளையங்கோட்டைக்காரி